அடைத்த எல்லைகளும் திறந்த வழிகளும்
(பெருந்தொற்றுக்குப் பிந்தைய அயல்நாட்டுப் பயணம் குறித்து ஒரு விளக்கம்)

முன்னுரை

பிரிவு என்பது தமிழர்க்குப் புதியதன்று. ஓதற்பிரிவு, பொருள்வயிற் பிரிவு எனப் பிரிவுக்குப் பெயரிட்டு, வகைப்படுத்தி, இலக்கணமும் கண்டது நம் மொழி. பிரிந்து செல்பவன் திரும்பி வரும் பருவத்தையும் சொல்லிச் செல்வான். அப்பருவம் தவறினால் வீட்டில் உள்ளோர் கலங்குவர். அகப்பாடல்கள் காட்டும் இந்நிலை, ஏட்டில் மட்டும் வாழ்வது என்று நாம் எண்ணியிருந்தோம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அது சங்கராபுரத்துத் தெருக்களிலும் வந்து நின்றது. வெளிநாட்டில் பணிபுரிந்தவர் வர இயலவில்லை. விடுப்பில் வந்தவர் திரும்பிச் செல்ல இயலவில்லை. கல்விக்கென இடம் பெற்றவர் புறப்பட இயலவில்லை. புனிதப் பயணத்துக்குப் பணம் கட்டியவர் காத்திருக்க நேர்ந்தது.

எல்லைகள் மூடப்பட்ட செய்தியை யாவரும் அறிவர். அவை எவ்வாறு திறந்தன என்பதைச் சிலரே கருதிப் பார்த்துள்ளனர். கதவைத் தள்ளித் திறப்பது போன்று அது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. யார் முதலில் வரலாம், யார் பின்னர் வரலாம், எந்தச் சான்று செல்லும், எது செல்லாது என்னும் கேள்விகளுக்கு ஒவ்வொரு நாடும் தனித்தனியே விடை கண்டபின்னரே வழிகள் திறந்தன. அவ்வரலாற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலும் காப்பும்

நோய்க்கு அஞ்சிப் பயணிகளைத் தடுத்து நிறுத்தும் வழக்கம் பழமையானது. அத்திரியாட்டிக் கடற்கரையில் உள்ள இரகூசா என்னும் நகரம், 1377-ஆம் ஆண்டிலேயே கொள்ளைநோய்ப் பகுதிகளிலிருந்து வருவோரை முப்பது நாள் வெளியே நிறுத்தி வைத்தது. பின்னர் அது நாற்பது நாளாயிற்று. 'குவாரண்டைன்' என்று நாம் வழங்கும் சொல்லுக்கு நாற்பது என்பதே வேர்ப்பொருள்.

இசுலாமிய மரபிலும் இதற்குத் தெளிவான வழிகாட்டுதல் உண்டு. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லவேண்டா, அவ்வூரில் இருப்போர் அதற்கு அஞ்சி வெளியேறவும் வேண்டா என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் சிரியா நோக்கிச் சென்ற கலீபா உமர் (ரலி) அவர்கள், அங்கு நோய் பரவியுள்ளதை அறிந்து வழியிலேயே திரும்பினார்கள் என்பது வரலாறு.

நம் முன்னோர் கடல் கடந்த காலத்திலும் இத்தகைய தடைகளைக் கண்டனர். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் மண்டபம் முகாமில் தங்கி, மருத்துவச் சோதனைக்குப் பின்னரே கப்பலேறினர். மலாயாவுக்குச் சென்றோர் பினாங்கை அடுத்த செரசாக் தீவிலும், சிங்கப்பூருக்குச் சென்றோர் செயின்ட் சான் தீவிலும் நிறுத்தி வைக்கப்பட்டனர். கப்பல்வழி ஹஜ் சென்றோர்க்குச் செங்கடலின் கமரான் தீவு அத்தகைய நிறுத்தமாய் இருந்தது. எனினும் அவை தாமதப்படுத்தும் தடைகளே. பயணத்தை அறவே நிறுத்திய தடைகள் அல்ல. உலகம் முழுவதும் ஒருசேரக் கதவடைத்தது நம் தலைமுறை கண்ட புதுமை.

மூடிய முறை

உலகச் சுகாதார நிறுவனம் 2020 சனவரி 30-ஆம் நாள் பன்னாட்டு அவசரநிலையை அறிவித்தது. பிப்பிரவரி 27-இல் சவூதி அரேபியா வெளிநாட்டார்க்கான உம்ரா பயணத்தை நிறுத்தியது. மார்ச்சு 20-இல் ஆத்திரேலியா தன் குடிமக்களும் நிரந்தர வாழ்நரும் அல்லாத பிறர்க்கு எல்லையை அடைத்தது. மார்ச்சு 23-ஆம் நாள் இந்தியா பன்னாட்டுப் பயணியர் விமானப் போக்குவரத்தை நிறுத்தியது. அத்தடை பலமுறை நீட்டிக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது.

அயல்நாட்டு எல்லை மட்டுமா மூடப்பட்டது? மாவட்ட எல்லையும் மூடப்பட்டது. 2019 நவம்பரில்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. புதிய மாவட்டத்தின் எல்லைக்கோட்டை மக்கள் மனத்தில் பதித்துக்கொள்ளும் முன்னரே, அதைக் கடக்க 'இ-பாஸ்' வேண்டும் என்னும் நிலை வந்துற்றது. 2020 செப்டம்பர் 1-ஆம் நாள் முதல்தான் மாவட்டங்களுக்கிடையே அச்சீட்டு இன்றிச் செல்ல முடிந்தது. கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளரால் நோய் பரவிய அந்நாள்களில், தன் ஊர்க்காரனையே ஐயத்துடன் நோக்கியவர் உண்டு. விழுப்புரத்துக்குச் செல்லச் சீட்டுக் கேட்டு நின்றவர், துபாய்க்குச் செல்ல வழியின்றி நின்றவரின் துயரத்தை ஓரளவேனும் உணர்ந்திருப்பார்.

திறப்பின் மூன்று படிகள்

இந்தியாவின் வழிகள் மூன்று படிகளில் திறந்தன எனலாம்.

முதற்படி, மீட்பு. 2020 மே 7-ஆம் நாள் 'வந்தே பாரத்' திட்டம் தொடங்கியது. சென்னைக்கும் திருச்சிக்கும் சிறப்பு விமானங்கள் வந்தன. கடற்படையின் 'சமுத்திர சேது' நடவடிக்கையில் ஐ.என்.எஸ். சலாசுவா என்னும் கப்பல், கொழும்பிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் ஈரானிலிருந்தும் முறைமுறையாகத் தூத்துக்குடிக்கு மக்களை ஏற்றி வந்தது. ஈரானிலிருந்து வந்தோருள் தமிழக மீனவர் பலர். இம்மீட்புப் பயணங்கள் இலவசமல்ல. விமானத்தில் வந்தோர் தம் கட்டணத்தைத் தாமே செலுத்த வேண்டியிருந்தது. வேலை இழந்து, சம்பளம் நிலுவையில் நின்ற தொழிலாளிக்கு அக்கட்டணம் பெருஞ்சுமை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இரண்டாம் படி, குமிழி ஏற்பாடு. இரு நாடுகள் தமக்குள் உடன்பட்டு, தத்தம் விமானங்களை மட்டும் குறிப்பிட்ட அளவில் இயக்குவது இதன் முறை. 2020 சூலை முதல் இந்தியா இவ்வாறு பல நாடுகளுடன் உடன்பாடு கண்டது. சிங்கப்பூருடன் வழக்கமான போக்குவரத்து 2021 நவம்பர் 29-இல்தான் மீண்டது. தடுப்பூசி செலுத்தியோர்க்கான அத்தனிவழியில் சென்னையும் ஓர் ஊராக இடம்பெற்றது. குமிழிக்கு வெளியே நின்ற நாடுகளுக்குச் செல்வோர் பாடு கடினமாயிற்று. நேரடியாக நுழைய இயலாத நாள்களில், சவூதிக்குத் திரும்ப விரும்பியவர் மூன்றாம் நாடு ஒன்றில் பதினான்கு நாள் தங்கிச் செல்ல வேண்டியிருந்தது. அத்தங்கலுக்கான செலவு பலரின் சில மாத ஊதியத்தை விழுங்கியது. 2021 டிசம்பர் 1-ஆம் நாள் முதலே இந்தியாவிலிருந்து நேரே செல்ல அந்நாடு இசைந்தது; அப்போதும் ஐந்து நாள் தனிமைவாசம் விதிக்கப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகமோ 2021 ஏப்பிரல் இறுதியில் இந்தியப் பயணியரைத் தடுத்து, ஆகத்து 5 முதல் அங்கு வாழுரிமை பெற்றோரை நிபந்தனைகளுடன் அனுமதித்தது. புறப்படும் விமான நிலையத்திலேயே விரைவுச் சோதனை செய்தாக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

மூன்றாம் படி, முழுத்திறப்பு. 2021 டிசம்பர் 15-இல் வழக்கமான விமானங்களை இயக்க இந்தியா முடிவு செய்தது. அவ்வறிவிப்பு வெளியான நாளிலேயே 'ஒமைக்கிரான்' என்னும் புதிய திரிபுக்குப் பெயரிடப்பட்டது. சின்னாள்களில் முடிவு ஒத்திவைக்கப்பட்டது. ஆத்திரேலியாவும் அயல்நாட்டு மாணவர்க்கு டிசம்பர் 1-இல் திறக்கவிருந்த வழியை அதே காரணத்தால் இரு வாரம் தள்ளி, டிசம்பர் 15-இல் திறந்தது. இந்தியாவில் வழக்கமான பன்னாட்டுப் போக்குவரத்து 2022 மார்ச்சு 27-ஆம் நாள் மீண்டது. மலேசியா 2022 ஏப்பிரல் 1-இல் தன் எல்லையைத் திறந்தது.

ஆத்திரேலியா காட்டும் பாடம்

எல்லைக் காப்பில் மிகக் கடுமை காட்டிய நாடுகளுள் ஆத்திரேலியா ஒன்று. அது அயலாரை மட்டும் தடுக்கவில்லை. தன் குடிமக்கள் வெளியே செல்லவும் தனி அனுமதி கேட்டது. 2021 மே 3 முதல் 15 வரை, இந்தியாவில் இருந்த தன் குடிமக்களே தாயகம் திரும்புவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஐந்தாண்டுச் சிறை வரை விதிக்க இடமிருந்தது. அங்குக் குடியுரிமை பெற்றுப் பெற்றோரைக் காண வந்திருந்த இந்திய வம்சாவளியினர் அத்தடையில் அகப்பட்டுக்கொண்டனர்.

அந்நாடு திறந்த வரிசை நோக்கத்தக்கது. 2021 நவம்பர் 1-இல் குடிமக்களும் நிரந்தர வாழ்நரும். டிசம்பர் 15-இல் மாணவரும் தொழில்திறனாளரும். 2022 பிப்பிரவரி 21-இல் தடுப்பூசி செலுத்திய பிற பயணியர். மார்ச்சு 3-இல் இறுதியாக மேற்கு ஆத்திரேலிய மாநிலம். தன் மக்கள், தனக்குப் பயன்படுவோர், விருந்தினர் என்னும் இவ்வரிசையையே, சிற்சில வேறுபாடுகளுடன், பல நாடுகளும் பின்பற்றின. பேரப்பிள்ளையைக் காண விரும்பிய பாட்டி நெடுநாள் காத்து நின்றார். அரசின் கணக்கில் உறவு என்பது ஒரு விசா வகை மட்டுமே என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

சான்றிதழ் என்னும் திறவுகோல்

திறப்புக் காலத்தில் கடவுச்சீட்டுக்கு இணையான மதிப்பைத் தடுப்பூசிச் சான்று பெற்றது. இங்கும் சிக்கல்கள் எழுந்தன. 2021 மே திங்களில் கோவிசீல்டு ஊசியின் இரு தவணைகளுக்கிடையே 12 முதல் 16 வாரம் இடைவெளி வேண்டும் என இந்திய அரசு கூறியது. கல்லூரி தொடங்கும் நாளும் பணியில் சேரும் நாளும் அதுவரை காத்திருக்குமா? ஆகவே சூன் திங்களில், கல்விக்கும் வேலைக்கும் அயல்நாடு செல்வோர்க்கு 28 நாளுக்குப் பின் இரண்டாம் தவணையைத் தர வழி செய்யப்பட்டது. சான்றிதழில் கடவுச்சீட்டு எண்ணைச் சேர்க்கும் முறையும் வந்தது.

எந்த ஊசி செல்லும் என்பது அடுத்த கேள்வி. உலகச் சுகாதார நிறுவனம் கோவிசீல்டை 2021 பிப்பிரவரியில் ஏற்றது. கோவாக்சினை நவம்பர் 3-இல்தான் ஏற்றது. ஆத்திரேலியா முன்னதை அக்டோபர் 1-இலும் பின்னதை நவம்பர் 1-இலும் ஏற்றுக்கொண்டது. பிரிட்டனோ, தன் நாட்டு ஆய்வில் பிறந்த ஊசியே கோவிசீல்டு என்பதை ஏற்றும், இந்தியச் சான்றிதழை ஏற்கத் தயங்கியது. இந்தியா அக்டோபர் 4 முதல் பிரிட்டானியப் பயணியர்க்கு அதே கட்டுப்பாட்டை விதித்தபின், 11-ஆம் நாள் முதல் அத்தயக்கம் நீங்கியது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அன்று எந்த ஊசி இருந்ததோ அதைச் செலுத்திக்கொண்ட இளைஞனின் பயணத்தை, அவன் கேள்வியுறாத அலுவலகங்கள் முடிவு செய்தன.

புனிதப் பயணம்

2020-இல் சவூதியில் வாழ்ந்தோருள் மிகச் சிலர்க்கே ஹஜ் வாய்த்தது. இந்திய ஹஜ் குழுவின் வழி பணம் கட்டியவர்களுக்குத் தொகை திருப்பித் தரப்பட்டது. 2021-இல் அந்நாட்டில் வாழ்வோருள் 60,000 பேர். 2022-இல் உலகெங்குமிருந்து 10 இலட்சம் பேர் என எண்ணிக்கை வளர்ந்தது. இந்தியாவுக்கு அவ்வாண்டு ஒதுக்கப்பட்டது 79,237 இடம். ஆயின் 65 வயதுக்கு உட்பட்டோரே செல்லலாம் என்பது நிபந்தனை. 2020-இல் 64 வயதில் பெயர் பதிந்து காத்திருந்த பெரியவர்க்கு, வழி திறந்தபோது வயது தடையாயிற்று. புறப்பாட்டு நகரங்களும் பத்தாகக் குறைக்கப்பட்டமையால் தமிழகத்தார் கொச்சி சென்று விமானம் ஏறினர். 2023-இல் வயது வரம்பு நீங்கியது. சென்னையிலிருந்து புறப்படும் வாய்ப்பும் மீண்டது. காலத்தைத் திருப்பித் தர எந்த அறிவிப்பாலும் இயலாது என்பதை, அவ்விடைக்காலத்தில் மறைந்தோரின் குடும்பங்கள் நன்கறியும்.

நாம் கொள்ள வேண்டுவன

2023 மே 5-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. எனினும் பெருந்தொற்று மீண்டும் வாராது என்று கூற எவரும் துணியார். ஆகவே அயல்நாடு செல்லக் கருதும் நம் மாணவர்க்குச் சிலவற்றை நினைவூட்டுதல் கடமையாகிறது.

கடவுச்சீட்டிலும் கல்விச் சான்றிலும் ஆதாரிலும் பெயரும் பிறந்த நாளும் எழுத்துப் பிசகாது ஒன்றாக இருத்தல் வேண்டும். தடுப்பூசிச் சான்றில் ஓரெழுத்து மாறியதால் அலைந்தவர் உண்டு. வேலை ஒப்பந்தத்தின் படியொன்றும் விசாவின் படியொன்றும் ஊரில் உள்ளோரிடம் இருத்தல் நலம். குறிப்பிட்ட காலத்துக்கு மேல் வெளியே தங்கினால் வாழுரிமை காலாவதியாகும் நாடுகள் உள. அமீரகத்தில் அவ்வரம்பு பொதுவாக ஆறு மாதம். அத்தகைய விதிகளைச் செல்லுமுன் அறிதல் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதோர் வளைகுடா முதலிய நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி தேவை. சுற்றுலா விசாவில் அதனைத் தவிர்த்துச் செல்வோர், இடர் வருங்கால் எந்தப் பதிவேட்டிலும் இரார். மீட்பு விமானத்தில் இடம் தேடும் நாளில் பெயர் பதிவாகியிருத்தலின் அருமை புலப்படும்.

ஊர்ப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் உள்ளோர் பெயர், பணியிடம், தொடர்பு எண் ஆகியவற்றை ஒவ்வொரு சமுதாய அமைப்பும் அவரவர் இசைவோடு குறித்து வைத்தல் நன்று. பிழைக்கச் சென்றவன் இந்துவா, முசுலிமா, கிறித்தவனா என்று நோய் பார்க்கவில்லை, நாமும் பார்க்கலாகாது. கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து சென்றவனும் கடைத்தெருவிலிருந்து சென்றவனும் அங்கு ஒரே விடுதியில் அடைபட்டுக் கிடந்தனர்.

முடிவுரை

எல்லையை மூட ஓர் ஆணை போதும்; திறக்கப் பல ஆணைகளும், சான்றுகளும், அவற்றுக்கு மேலாக நாடுகளுக்கிடையே நம்பிக்கையும் வேண்டும். அந்நம்பிக்கை வளர இரண்டாண்டு ஆயிற்று. உயிர்களைக் காக்க எல்லையை மூடியது பிழையென்று நாம் கூறவில்லை. ஆயின் திறக்கும்போது யாரை முதலில் அழைப்பது என்பதில்தான் ஒரு சமூகத்தின் அறம் வெளிப்படுகிறது. ஊதியம் இழந்தவனும், மரணப் படுக்கையில் தாயை உடையவனும், வயது முதிர்ந்த புனிதப் பயணியும் வரிசையின் கடைசியில் நிற்காத ஒரு முறையை இனியேனும் அரசுகள் வகுத்தல் வேண்டும். இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவருள் சிலர் நாளை அவ்வாணைகளை எழுதும் மேசையருகே அமரக்கூடும். அன்று அவர்கள் இவ்வரிசையை நினைவிற் கொள்வார்களாக.