ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் புகலிடக் கொள்கை: பொறுப்புப் பகிர்வின் சிக்கல்கள்

ஷெங்கன் உடன்பாட்டின்வழி ஐரோப்பிய நாடுகள் பல தம் உள்ளெல்லைச் சோதனைகளை நீக்கின. ஆயினும் புகலிடம் கோருவோரை ஏற்கும் பொறுப்பு பொதுவாக்கப்படவில்லை. 1990ஆம் ஆண்டின் டப்ளின் உடன்படிக்கையும் அதன் வழிவந்த ஒழுங்குமுறைகளும், குடும்ப உறவு முதலிய அளவுகோல்கள் பொருந்தாதவிடத்து, ஒருவர் முதலில் நுழைந்த நாடே அவரது விண்ணப்பத்தை ஆராய வேண்டும் என வகுத்தன. இதனால் கிரீஸ், இத்தாலி முதலிய எல்லைப்புற நாடுகள் மிகுசுமைக்கு ஆளாயின.

2015இல், முதன்மையாக இவ்விரு நாடுகளிலிருந்து, 1,60,000 பேரைப் பிற உறுப்பு நாடுகளுக்குப் பகிர்ந்தனுப்ப ஒன்றியம் முடிவு செய்தது. இதில் 1,20,000 பேர் குறித்த முடிவை எதிர்த்து ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் தொடுத்த வழக்குகளை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது. எனினும் இடமாற்றப்பட்டோர் ஏறத்தாழ 35,000 பேரே. உறுப்பு நாடுகளின் இசைவின்றிச் சட்டம் மட்டும் பகிர்வை நிறைவேற்ற இயலாது என்பதை இது உணர்த்துகிறது.

2024இல் ஏற்கப்பட்ட புதிய சட்டத் தொகுப்பு, ஆட்களை ஏற்றல், நிதியளித்தல், பிற உதவி ஆகியவற்றுள் விரும்பியதைத் தெரிவுசெய்ய நாடுகளுக்கு இடமளிக்கிறது. நிதியளிப்பின் அடிப்படை அளவு ஆளொருவருக்கு 20,000 யூரோ. ஆனால் முதல் நுழைவு நாட்டின் பொறுப்பு பெரிதும் மாறவில்லை. ஆகவே, உதவும் வழிகள் பெருகினும், பொறுப்பு யாருடையது என்பதை நாட்டின் அமைவிடமே இன்றும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது எனலாம்.