எப்படி இயங்குகிறது? சிக்கிக்கொண்ட கோல்ட் நேவி

வட்டமான எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி. நடுவில் ஒரு கிண்ணம், சுற்றி ஆறு. ஏதோ ஒரு கிண்ணத்துக்கு அடியில் ஒரே ஒரு கடுகு உருண்டு போயிருந்தால் போதும், அந்தக் கிண்ணம் தூக்கிக்கொண்டு நிற்கும், மூடி உட்காராது. ஓங்கித் தட்டினால் நசுங்குவது மூடிதான். சமையலறையில் புழங்குகிறவர்கள் தட்ட மாட்டார்கள். எந்தப் பக்கம் தூக்கியிருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள், அந்தக் கிண்ணத்தை மட்டும் எடுப்பார்கள்.

1851 மாடல் கோல்ட் நேவி ரிவால்வர் சிக்கிக்கொள்வதும், அதை விடுவிப்பதும் இதே கதைதான். நடுக்கிண்ணம் இருக்கும் இடத்தில் ஓர் இரும்பு அச்சு. அதைச் சுற்றி ஆறு அறைகள் கொண்ட உருளை. 1850-இல் தொடங்கி 1873 வரை அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். நடுவே சில ஆண்டுகள் லண்டனிலும் ஒரு தொழிற்சாலை ஓடியது. அதனால் பழம்பொருள் சேகரிப்பவர்கள் கையில் இன்றும் நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் சுத்தி அசையாது, அல்லது பாதியில் நின்றுவிடும்.

கருவியைத் தொடுமுன் ஒரு விஷயம். பழைய துப்பாக்கி என்றால் காலி என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு ஆண்டு கடந்தும் வெடிக்கும். 2008-இல் விர்ஜீனியாவில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால பீரங்கிக் குண்டு ஒன்று வெடித்து, அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் இறந்துபோனார். ஆகவே குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து உருளையின் முன்வாயைப் பாருங்கள்: ஈயக் குண்டு தெரிகிறதா? பின்பக்கம் மருந்தைப் பற்றவைக்கும் செம்புக் கேப் மாட்டியிருக்கிறதா? ஒன்று தெரிந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு, இத்துப்பாக்கிகளில் பழகிய கம்மியரிடம் கொடுத்துவிட வேண்டும். எண்ணெயில் ஊறப் போட்டால் மருந்து செத்துவிடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது.

காலி என்று உறுதியானபின் சுத்தியை மெல்லப் பின்னால் இழுத்துப் பார்க்கலாம். இந்த ஓர் இழுப்பில் மூன்று வேலைகள் வரிசையாக நடக்கின்றன. முதலில், உருளையின் பள்ளத்தில் மாட்டியிருக்கும் பூட்டுக்கட்டை கீழே இறங்கி உருளையை விடுவிக்கிறது. அடுத்து, சுத்தியோடு இணைந்த தள்ளுகோல் மேலே ஏறி, உருளையின் முதுகிலுள்ள பல்லில் முட்டி, 60 பாகை திருப்புகிறது. கடைசியாக, பூட்டுக்கட்டை டக்கென்று அடுத்த பள்ளத்தில் ஏறிக்கொள்ள, விசையின் நுனி சுத்தியின் காடியில் விழுந்து அதைப் பிடித்து வைக்கிறது. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை. நேரே திருப்புளியை எடுத்துவிடுகிறார்கள்.

சுத்தி கொஞ்சம் நகர்ந்து, உருளை திரும்ப வேண்டிய இடத்தில் முரண்டு பிடிக்கிறதா? கடுகைத் தேட வேண்டிய நேரம். இந்தத் துப்பாக்கியில் கடுகு என்பது கேப்பின் செம்புத் துணுக்கு. ஒவ்வோர் அறையின் பின்னாலும் ஒரு நிப்பிள். அதன்மேல் மெல்லிய செம்புத் தொப்பிபோல கேப். சுத்தி அடித்ததும் அதற்குள்ளிருக்கும் பாதரச ஃபல்மினேட் வெடித்து, பொறி உள்ளே பாய்ந்து கரிமருந்தைப் பற்றவைக்கிறது. செம்போ கிழிந்து இதழ் இதழாக விரிகிறது. அடுத்த குண்டுக்குச் சுத்தியை இழுக்கும்போது இந்தக் கிழிசல் எங்கு வேண்டுமானாலும் விழலாம். உருளைக்கும் அதன் பின்னாலுள்ள இரும்புத் தடுப்புக்கும் இடையில் விழுந்தால் உருளை திரும்பாது. சுத்தி ஓடும் பள்ளத்தில் விழுந்தால் சிக்கல் வேறு மாதிரி: எல்லாம் ஒழுங்காகத் திரும்பும், சுத்தியும் விழும், ஆனால் நிப்பிளைத் தொடாமல் நூலிழையில் நின்றுவிடும். இன்னும் உள்ளே இறங்கினால் விசை, ஸ்பிரிங் எல்லாவற்றையும் முடக்கும்.

இதை வடிவமைத்த சாமுவேல் கோல்ட்டைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுவார்கள். சுத்திக்கு முன்னால் இவ்வளவு பெரிய பள்ளத்தைத் திறந்து வைத்தது வடிவமைப்பின் குறை என்றே நான் சொல்வேன். அந்தக் காலத்தில் சுட்டவர்கள் சுத்தியை இழுக்கும்போது குழலை வானத்தை நோக்கித் தூக்கியது ஸ்டைலுக்காக அல்ல. கிழிந்த கேப் பின்னால் சரிந்து வெளியே விழட்டும் என்றுதான். பித்தளைத் தோட்டா வந்து, கேப் அதன் அடிப்பாகத்துக்குள்ளேயே அடைபட்ட பிறகுதான் இந்தத் தொல்லை ஒழிந்தது.

துணுக்கு கண்ணில் படாவிட்டால், உப்பைச் சந்தேகிக்க வேண்டும். அஞ்சறைப் பெட்டியில் கல் உப்பை வைத்தால் மழைக்காலத்தில் கசிந்து, கிண்ணங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே, அதேதான். கரிமருந்தில் வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. எரிந்தபின் பாதிக்கு மேல் புகையாகப் போகாமல் திடப்பொருளாகவே படிகிறது. அந்தப் படிவில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, கெட்டிப்பட்டு, இரும்பைத் துருவாக்கும். நேவியின் அச்சில் திருகுபோல ஒரு காடி வெட்டியிருப்பார்கள், மசகு தங்கவும் அழுக்கு ஒதுங்கவும். அதே காலத்து ரெமிங்டன் ரிவால்வரின் அச்சு அப்படியில்லை, மெலிந்தது, வழுவழுப்பானது. அதனால் அந்தத் துப்பாக்கி சீக்கிரமே இறுகிவிடும். இதில் கோல்ட் ஜெயித்தார் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உப்பு என்பதால் மருந்தும் எளிது: வெந்நீர். பிரித்த பாகத்தை வெந்நீரில் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். எண்ணெயை மட்டும் ஊற்றினால் கரியும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகும், அவ்வளவுதான்.

சுத்தி முழுதாகப் பின்னால் வருகிறது, உருளை மட்டும் சும்மா நிற்கிறது என்றால், இடம் வேறு. தள்ளுகோலை உருளைப் பக்கம் அழுத்தி வைக்கும் மெல்லிய தகட்டு ஸ்பிரிங் முறிந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க அழகான வழி உண்டு. குழலைத் தரை நோக்கிப் பிடித்துச் சுத்தியை இழுங்கள். தள்ளுகோல் தன் எடையால் முன்னால் சாய்ந்து பல்லைப் பிடிக்கும், உருளை திரும்பும். மேல் நோக்கிப் பிடித்து இழுத்தால் பின்னால் சாயும், திரும்பாது. திருப்புளி இல்லாமலே தீர்ப்பு கிடைத்துவிட்டது. உருளை திரும்பியும் பூட்டாமல் ஆடினால், பூட்டுக்கட்டையைத் தூக்கும் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும்.

சுத்தி தொடக்கத்திலேயே அசையவில்லையா? துருவாக இருக்கலாம். அதற்குமுன் ஆப்பைப் பாருங்கள். நேவிக்கு உருளையின் மேலே கூரைபோல இரும்புப் பட்டை கிடையாது. குழலை அச்சோடு சேர்த்துப் பிடிப்பது குறுக்கே செருகிய ஒரே ஓர் ஆப்புதான். யாராவது அதை அடித்து இறக்கியிருந்தால், குழல் பின்னால் வந்து உருளையின் முகத்தில் அழுத்தும். ஆப்பை மயிரிழை தளர்த்தியதும் சுத்தி அசைந்தால், பழுதே இல்லை. தளர்த்த மரச்சுத்தியும் பித்தளைத் துண்டும் போதும். இரும்புச் சுத்தி வேண்டாம்: ஆப்பிலும் துப்பாக்கியின் வரிசை எண்ணைப் பொறித்திருப்பார்கள், அது சிதைந்தால் விலையும் விழும். ஆப்பு வந்தபின் குழல் பிடிவாதம் பிடித்தால் ஆட்டி இழுக்கக் கூடாது. குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலை இறக்கி, அதன் கம்பியை இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஊன்றி அழுத்தினால் தானே கழன்று வரும்.

உருளை கைக்கு வந்ததும் எமரித் தாளைத் தேடுகிறவர்களும் உண்டு. அதன்மேல் ஒரு கடற்போர்க் காட்சி செதுக்கியிருக்கும்: 1843 மே 16, கம்பேச்சேயில் டெக்சாஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் மோதிய போர். ஆழமில்லாத செதுக்கல். எமரி நாலு முறை ஓடினால் கப்பல்களைப் பார்க்க முடியாது. துரு இருந்தால் எண்ணெய் தடவி நாள்கணக்கில் விட்டு, முரட்டுத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஆப்பைக் கட்டைவிரலால் அழுத்தி, மறுபக்கம் அதன் ஸ்பிரிங் கொக்கி எட்டிப் பார்த்ததும் விட்டுவிடலாம். குழலுக்கும் உருளைக்கும் இடையே மெல்லிய வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும்.