பரிசும் உரிமையும்

(விளக்கக் கட்டுரை)

நுழையும் முன்

ஓவியம், ஒளிப்படம், கட்டுரை, முழக்கத்தொடர், இலச்சினை என நிறுவனங்கள் பலவகைப் போட்டிகளை நடத்துகின்றன. அறிவிப்பில் பரிசுத்தொகை பெரிய எழுத்தில் இருக்கும்; நிபந்தனைகள் சிறிய எழுத்தில் இருக்கும். பெரும்பாலோர் முதலாவதைப் படித்துவிட்டு இரண்டாவதன்கீழ்க் கையொப்பமிடுகின்றனர். அச்சிறிய எழுத்துகள் சொல்வது என்ன, அவற்றுள் எவை முறையானவை, எவை முறையற்றவை என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

படைப்பு யாருக்கு உரியது?

ஒருவர் தாமே எழுதிய கவிதையும் தாமே வரைந்த ஓவியமும் உருவான அந்நொடியிலேயே அவருக்கு உரியவை ஆகின்றன. இதனைப் பதிப்புரிமை என்பர். இந்தியாவில் இதனைக் காப்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். இவ்வுரிமையைப் பெறப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை, கட்டணமும் இல்லை. படைத்தவருக்கு எத்தனை வயது என்றும் சட்டம் கேட்பதில்லை. எட்டாம் வகுப்பு மாணவர் வரைந்த படத்திற்கும் புகழ்பெற்ற ஓவியர் வரைந்த படத்திற்கும் ஒரே பாதுகாப்புத்தான். எழுத்துக்கும் ஓவியத்திற்கும் இவ்வுரிமை படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகள் வரையிலும் நீடிக்கும்.

ஒன்றை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். பதிப்புரிமை எண்ணத்திற்கு இல்லை. அதன் வெளிப்பாட்டிற்கே உண்டு. “கடலைக் காப்போம்” என்னும் கருத்து எவருக்கும் தனியுடைமை அன்று. அக்கருத்தை நீங்கள் வரைந்து காட்டிய ஓவியம் உங்களுடையது.

உரிமமும் உரிமை மாற்றமும்

தம் படைப்பைப் பிறர் பயன்படுத்தப் படைப்பாளர் இரு வழிகளில் இசைவு தரலாம்.

முதலாவது உரிமம். வீட்டை வாடகைக்கு விடுவதைப் போன்றது இது. குடியிருப்பவர் மாறலாம், வீடு உரிமையாளருடையதாகவே இருக்கும். ஓவியத்தை ஓராண்டுக்கு நாட்காட்டியில் அச்சிட்டுக்கொள்ள மட்டும் இசைவு தருவது உரிமம் ஆகும்.

இரண்டாவது உரிமை மாற்றம். இது வீட்டை விற்பதைப் போன்றது. அதன்பின் அந்த ஓவியத்தை அச்சிடவும், விற்கவும், வேறொருவருக்குக் கொடுக்கவும் வாங்கியவருக்கே உரிமை உண்டு. வரைந்தவர் தம் படத்தைத் தாமே வாழ்த்து அட்டையாக அச்சிட்டு விற்க விரும்பினாலும் வாங்கியவரின் இசைவைக் கேட்க வேண்டும்.

உரிமை மாற்றம் வாய்மொழியால் நிகழாது. அது எழுத்தில் இருக்க வேண்டும், கையொப்பமும் வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்பவற்றைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. காலம் குறிப்பிடப்படாவிடில் ஐந்தாண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் கொள்ள வேண்டும். படைப்பாளர் அறியாமல் எல்லாவற்றையும் இழந்துவிடக் கூடாது என்பதே இப்பிரிவின் நோக்கம். “உலகம் முழுவதும், என்றென்றைக்கும்” என்னும் சொற்களைச் சில நிறுவனங்கள் தம் நிபந்தனைகளில் தவறாமல் சேர்ப்பதற்கும் இப்பிரிவே காரணம். அச்சொற்கள் இருந்தால் இப்பாதுகாப்பு பயன்படாது.

நம் அருகிலிருந்து ஒரு சான்று

முலுண்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் பவாய் உள்ளது. அங்குள்ள மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் அச்செழுத்துகளின் வடிவத்தை ஆராய்ந்தவர் த. உதயகுமார். இவர் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். இந்திய ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டும் என்று 2009இல் நடுவண் அரசின் நிதி அமைச்சகம் போட்டி ஒன்றை அறிவித்தது. 3,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. அவற்றுள் ஐந்து இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தன. தேவநாகரி ‘ர’ எழுத்தையும் உரோமன் ‘ஆர்’ எழுத்தையும் இணைத்து உதயகுமார் வரைந்த வடிவம் 2010 ஜூலை 15 அன்று ஏற்கப்பட்டது. இன்று நாணயத்திலும் பணத்தாளிலும் கடைப் பட்டியலிலும் நாம் காணும் குறியீடு அதுவே.

இப்போட்டியின் நிபந்தனையை நோக்குக. வென்றவருக்கு 2,50,000 ரூபாய் பரிசு. அவர் அவ்வடிவத்தின் பதிப்புரிமையை அரசுக்கு ஒப்படைக்க வேண்டும். இங்கு உரிமை முழுவதும் கைமாறுகிறது. எனினும் அதற்குத் தகுந்த காரணம் உண்டு. ஒரு நாட்டின் பணக்குறியீடு தனியொருவரின் உடைமையாக இருக்க இயலாது. ஒப்படைப்பு பரிசுடன் இணைத்து வெளிப்படையாகக் கூறப்பட்டது. வடிவமைத்தவரின் பெயர் மறைக்கப்படவில்லை. பாடநூல்களிலும் பொது அறிவு நூல்களிலும் அது நிலைபெற்றுள்ளது.

ஆகவே உரிமையைக் கேட்பது மட்டுமே ஒரு போட்டியை முறையற்றதாக்கிவிடாது. யாரிடமிருந்து, எதற்காக, எவ்வளவு கேட்கப்படுகிறது, அதற்கு ஈடாக என்ன தரப்படுகிறது என்பவற்றைக் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும்.

முறையற்ற நிபந்தனைகள் எவை?

இப்பொழுது ஒரு கற்பனைச் சூழலை எண்ணிப் பார்ப்போம். முலுண்டில் ஒன்பதாம் வகுப்பு பயிலும் மாணவி ஒருத்தி, குளிர்காலத்தில் தாணே கடற்கழிக்கு வரும் பூநாரைகளை வரைகிறாள். தின்பண்ட நிறுவனம் ஒன்று நடத்தும் ஓவியப் போட்டிக்கு அதனை அனுப்புகிறாள். முதற்பரிசு ஒரு மிதிவண்டி. அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆறு திங்கள் கழித்து அதே பூநாரைகள் அந்நிறுவனத்தின் தின்பண்டப் பொதியில் அச்சாகி மாட்டுங்கா முதல் செம்பூர் வரை கடைகளில் தொங்குகின்றன. அவள் பெயர் எங்கும் இல்லை. கேட்டால், “நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டுதானே கலந்துகொண்டீர்கள்?” என்கிறது நிறுவனம்.

இவ்வாறு நிகழ இடந்தரும் நிபந்தனைகள் பெரும்பாலும் நான்கு வகையின.

1. “வந்த படைப்புகள் அனைத்தும் நிறுவனத்தின் உடைமையாகும்.” பரிசு பெறுபவர் ஒருவர், உரிமையை இழப்பவரோ அனைவரும். ஆயிரம் பேர் கலந்துகொண்டால், ஒரு மிதிவண்டியின் விலைக்கு நிறுவனம் ஆயிரம் ஓவியங்களைப் பெற்றுவிடும்.

2. “எந்நோக்கத்திற்கும், எக்காலத்திற்கும், கட்டணமின்றிப் பயன்படுத்துவோம்.” போட்டியைப் பற்றிய செய்தியில் படத்தைக் காட்டுவது வேறு, விளம்பரத்திலும் விற்பனைப் பொருளிலும் அச்சிடுவது வேறு. இவ்விரண்டையும் ஒரே தொடரில் அடக்குவது முறையன்று.

3. “படைப்பாளர் பெயரைக் குறிப்பிட வேண்டிய கட்டாயமில்லை, படைப்பை மாற்றியமைக்கலாம்.” இது பெயரையும் வடிவத்தையும் ஒருசேரப் பறிக்கும் நிபந்தனை.

4. “படைப்பால் எழும் வழக்குச் செலவு அனைத்தையும் பங்கேற்பாளரே ஏற்க வேண்டும்.” பயன் நிறுவனத்திற்கு, சுமை மாணவருக்கு என்பதே இதன் பொருள்.

நிறுவனங்களின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. வந்த ஓவியங்களைக் கண்காட்சியில் வைக்கவும் வென்ற படத்தைச் செய்தித்தாளில் வெளியிடவும் அவற்றிற்கு இசைவு தேவை. அவ்விசைவு இல்லாவிடில் போட்டியை நடத்தவே இயலாது. ஆயினும் அத்தேவைக்கு ஓர் எல்லையுள்ள உரிமமே போதும். கண்காட்சியில் ஒரு திங்கள் வைப்பதற்கு என்றென்றைக்குமான உரிமை எதற்கு?

எல்லையுள்ள உரிமத்துடன் போட்டி நடத்த இயலும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. தமிழ் விக்கிப்பீடியர் 2011-12இல் ஊடகப் போட்டி ஒன்றை நடத்தினர். தமிழர் வாழ்வைக் காட்டும் ஒளிப்படங்களும் பிற ஊடகக் கோப்புகளும் அதற்கு வந்தன. அவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்னும் திறந்த உரிமம் அளிக்கப்பட்டது. அவ்வுரிமத்தில் பதிப்புரிமை படைத்தவரிடமே இருக்கும். பயன்படுத்துவோர் அவர் பெயரைச் சுட்ட வேண்டும். பரிசு பெறாதவரும் தம் படத்தை இழக்கவில்லை.

பெயர் என்னும் உடைமை

குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் என்றொரு புலவர் உள்ளார். அது அவருடைய இயற்பெயர் அன்று. இயற்பெயர் தெரியாமையால் பாடலில் வரும் தொடரைக் கொண்டே பின்வந்தோர் அவருக்குப் பெயரிட்டனர். இவ்வாறு தொடரால் பெயர்பெற்ற சங்கப் புலவர் பலர். பாடல் கிடைத்தது, பாடியவர் யார் என்பது காலத்தில் மறைந்தது. அதனைத் தடுக்க அன்று எவராலும் இயலவில்லை. இன்றோ, ஒரு நிபந்தனையின் வாயிலாக ஒருவர் பெயரைத் தெரிந்தே நீக்குகின்றனர்.

இதற்கு எதிராகச் சட்டம் ஒரு காப்பை அளித்துள்ளது. பதிப்புரிமையை விற்றபின்னும், “இது என் படைப்பு” என்று கூறிக்கொள்ளும் உரிமையும், தம் மதிப்புக்கு ஊறு நேரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் படைப்பாளரிடம் எஞ்சியிருக்கும். 57ஆம் பிரிவு கூறும் இவற்றைத் தார்மிக உரிமைகள் என்பர். தில்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அரசு அகற்றியது, அது சேதமுற்றது. அவர் வழக்குத் தொடர்ந்தார். எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைத்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. சிற்பத்தைச் செய்வித்தது அரசே எனினும் அதனைச் சிதைக்க அரசுக்கும் உரிமையில்லை என்பது இத்தீர்ப்பால் விளங்கும்.

பதினெட்டு வயது நிரம்பாதோர்

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டினது. அதன்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி உடையவர் அல்லர். அத்தகையவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1903ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றால் உறுதிப்பட்டது. எனவே மாணவர் ஒருவர் இணையப் படிவத்தில் “ஏற்கிறேன்” என்னும் கட்டத்தைத் தொட்டதாலேயே தம் ஓவியத்தின் உரிமையை விற்றவர் ஆகமாட்டார். பல போட்டிப் படிவங்கள் பெற்றோரின் கையொப்பத்தைக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்குதான் நம் பொறுப்பு தொடங்குகிறது. மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஆங்கிலப் படிவத்தைப் படித்துப் பெற்றோருக்குப் பொருள் சொல்பவர் வீட்டுப் பிள்ளையே. தாராவியிலோ முலுண்டிலோ தந்தையார், “இதில் என்னப்பா எழுதியிருக்கிறது?” என்று கேட்கும்பொழுது, “ஒன்றுமில்லை அப்பா, கையெழுத்துப் போடுங்கள்” என்று சொல்வது எளிது. ஆனால் அவர் எதன்கீழ்க் கையொப்பமிடுகிறார் என்பதைத் தமிழில் விளக்கிச் சொல்ல நமக்குச் சொற்கள் வேண்டும். உரிமம், உரிமை மாற்றம், காலவரையறை, இழப்பீடு ஆகிய சொற்களைக் கற்பதன் பயன் தேர்வோடு முடிவதில்லை.

கையொப்பத்திற்கு முன் ஐந்து கேள்விகள்

1. என் படைப்பு என்னுடையதாகவே இருக்குமா, நிறுவனத்துடையது ஆகுமா?
2. இந்நிபந்தனை வென்றவருக்கு மட்டுமா, கலந்துகொண்ட அனைவருக்குமா?
3. எங்கு, எதற்காக, எவ்வளவு காலம் பயன்படுத்துவார்கள்?
4. என் பெயரைக் குறிப்பிடுவார்களா?
5. விற்பனைக்குப் பயன்படுத்தினால் தனித்தொகை தருவார்களா?

விடை தெளிவாக இல்லையெனில் எழுதிக் கேட்கலாம். நல்ல நிறுவனம் விடையளிக்கும். விடை நிறைவளிக்கவில்லையெனில் அப்போட்டியை விட்டுவிடலாம். அனுப்புவதாயின், படத்தின் ஒரு படியையும் நிபந்தனைத் தாளின் ஒரு படியையும் தேதியிட்டு வைத்துக்கொள்க. போட்டிகளில் கலந்துகொள்வது நன்று; திறமையை வளர்க்கும், ஊக்கம் தரும். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிடினும் படைப்பு கைவிட்டுப் போகாத போட்டியைத் தேர்ந்துகொள்வது அதனினும் நன்று.

சொல்லும் பொருளும்

இலச்சினை – அடையாளச் சின்னம்
உரிமம் – பயன்படுத்திக்கொள்ள அளிக்கும் இசைவு
ஊறு – தீங்கு, கேடு
கடற்கழி – நிலத்தினுள் புகுந்த கடல்நீர்ப் பகுதி
படி – நகல்

மொழியை அறிவோம்

ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் ஒருவரிடம் ஒன்றை வேண்டும்பொழுது வழங்கும் சொற்கள். தம்மின் உயர்ந்தோரிடம் கேட்பவர் ‘ஈ’ என்றும், ஒத்தோரிடம் கேட்பவர் ‘தா’ என்றும், தாழ்ந்தோரிடம் கேட்பவர் ‘கொடு’ என்றும் கூறுவர் என்று தொல்காப்பியம் வேறுபடுத்துகிறது. போட்டி நடத்தும் நிறுவனம் படைப்பாளரிடம் உரிமையைக் கேட்க இம்மூன்றனுள் எச்சொல் பொருந்தும்? காரணம் கூறுக.

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. பதிப்புரிமை எப்பொழுது தோன்றுகிறது?
2. உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படாவிடில் சட்டம் எவ்வாறு கொள்ளும்?
3. செம்புலப்பெயனீரார் என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?

ஆ. ஐந்து தொடர்களில் விடை தருக.
1. உரிமத்திற்கும் உரிமை மாற்றத்திற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொந்த எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. ரூபாய்க் குறியீட்டுப் போட்டியின் நிபந்தனையையும் கற்பனைத் தின்பண்ட நிறுவனத்தின் நிபந்தனையையும் ஒப்பிடுக.

இ. செயல்பாடு
போட்டி அறிவிப்பு ஒன்றின் ஆங்கில நிபந்தனைகளை வகுப்பிற்குக் கொண்டு வருக. குழுவாகப் படித்து, அவற்றை வீட்டில் உள்ள பெரியோர்க்கு விளங்கும் எளிய தமிழில் பத்துத் தொடர்களில் எழுதுக. ஐந்து கேள்விகளுள் எவற்றிற்கு அவ்வறிவிப்பில் விடை உள்ளது என்பதையும் குறிப்பிடுக.