நைல் கரைத் தெய்வங்கள் – 9: பதவி போனது, வேலை போகவில்லை

தம்பி செத்தின் சூழ்ச்சிக்குப் பலியான தெய்வ அரசன் ஒசைரிஸின் உடலை அவன் மனைவி ஐசிஸ் தேடிக் கண்டெடுத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். உடல் கிடைத்துவிட்டது, அது அழுகாமல் நிலைக்க வேண்டுமே? இந்த இடத்தில்தான் அனுபிஸ் கதைக்குள் வருகிறான். மனித உடம்பு, கன்னங்கரிய நரித் தலை, விறைத்து நிற்கும் நீண்ட காதுகள். அவன் ஒசைரிஸின் உடலைப் பாடம் செய்து, துணியால் சுற்றிக் கட்டினான். எகிப்தியர் நம்பிக்கைப்படி உலகின் முதல் மம்மி அதுதான்.

இப்படிச் சொன்னால் அனுபிஸ் ஏதோ ஒசைரிஸுக்குப் பணிவிடை செய்யவே பிறந்தவன் போலத் தோன்றும். வரலாறு வேறு மாதிரி. ஒசைரிஸின் பெயர் எழுத்தில் தென்படத் தொடங்குவதே ஐந்தாம் அரச வம்சக் காலத்தில்தான், அதாவது கி.மு. 2400-ஐ ஒட்டி. அனுபிஸோ முதல் வம்சக் காலத்திலேயே, கி.மு. 3000 வாக்கிலேயே, நரி வடிவில் இருக்கிறான். கிசாவின் பெரிய பிரமிடுகள் எழுந்த நான்காம் வம்சத்தில், இறந்தவருக்கு நல்லடக்கமும் அப்பமும் பீரும் கிடைக்க வேண்டிக் கல்லறைச் சுவரில் பொறித்த வாசகங்கள் அவனையே அழைக்கின்றன. அன்று மாண்டோரின் தனிப்பெருந் தலைவன் அவன்தான்.

பிறகு ஒசைரிஸ் வழிபாடு நாடெங்கும் பரவியது. மறுவுலக அரியணை கைமாறியது. சூரியன் மறையும் மேற்குத் திசை இறந்தோரின் திசை. ‘மேற்றிசையோரின் தலைவன்’ என்று அனுபிஸுக்கு இருந்த பட்டமும் ஒசைரிஸிடம் போய்ச் சேர்ந்தது. பழைய தலைவனை என்ன செய்வது? கதை சொல்லிகள் அவனை உறவுக்குள் கொண்டுவந்தார்கள். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் தரும் கதையில், அனுபிஸ் ஒசைரிஸுக்கும் நெஃப்திஸுக்கும் பிறந்தவன். நெஃப்திஸ் செத்தின் மனைவி. கணவனுக்கு அஞ்சி அவள் கைவிட்ட குழந்தையை, ஐசிஸ் நாய்களின் உதவியோடு கண்டுபிடித்து வளர்க்கிறாள்.

அது சரி, சாவுக்கான தெய்வத்துக்கு ஏன் நரித் தலை? ஆதி எகிப்தியர் பிணத்தைப் பாலைவன ஓரத்து மணலில் ஆழமில்லாத குழியில் புதைத்தார்கள். இரவில் நரிகள் அங்கே சுற்றும், மண்ணைப் பறிக்கும். யாரைக் கண்டு பயந்தார்களோ அவனிடமே காவலை ஒப்படைத்தார்கள் என்பது அறிஞர்கள் பலரும் ஏற்கும் விளக்கம். அந்த விலங்கின் நிறம் பழுப்பு. தெய்வத்தின் நிறம் கறுப்பு. நைல் வெள்ளம் விட்டுச் செல்லும் வண்டல் கறுப்பு. பிசின் பூசிய மம்மியின் மேனியும் கறுப்பு. விளைச்சலும் மறுபிறப்பும் ஒரே நிறத்தில் சேர்ந்துகொண்டன.

பாடம் செய்யும் சடங்கு மொத்தம் எழுபது நாள். இடப்பக்க விலாவுக்குக் கீழே கீறி நுரையீரல், கல்லீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை எடுத்து நான்கு ஜாடிகளில் வைப்பார்கள். இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டுவிடுவார்கள். உடலை நேட்ரான் என்னும் உப்பில் சுமார் நாற்பது நாள் புதைத்து உலர்த்துவார்கள். இதற்குத் தலைமை ஏற்ற பூசாரி அனுபிஸாகவே கருதப்பட்டார். ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைம் அருங்காட்சியகத்தில் சுட்ட மண்ணாலான நரி முகமூடி ஒன்று இருக்கிறது. மூக்குக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் இரண்டு துளைகள். அணிந்தவர் அவற்றின் வழியாகத்தான் பார்த்திருக்க முடியும். டெண்டேரா கோயில் புடைப்புச் சிற்பம் ஒன்றில், முகமூடி போட்ட பூசாரியை இன்னொருவர் தாங்கி நடத்திச் செல்கிறார். தெய்வமாக நின்றவருக்கு எதிரில் இருப்பது சரியாகத் தெரிந்திருக்காது!

இதயத்தை ஏன் விட்டுவைத்தார்கள்? அதற்கு விசாரணை பாக்கி இருந்தது. முதலாம் சேத்தி மன்னன் காலத்து அரசு எழுத்தர் ஹுனெஃபருக்காக வரைந்த பாப்பிரஸ் சுருள் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் அனுபிஸ் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறான். முதலில், வெள்ளை உடையில் வரும் ஹுனெஃபரின் கையைப் பிடித்து அழைத்து வருகிறான். அடுத்து, தராசடியில் மண்டியிட்டு அது நேராக நிற்கிறதா என்று சரிபார்க்கிறான். ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் நீதித் தேவதை மாஅத்தின் இறகு. முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மிட், பாவம் செய்த இதயத்தை விழுங்கக் காத்திருக்கிறாள். எழுத்துத் தெய்வம் தோத் கணக்கு எழுதுகிறான். தீர்ப்பு பெற்றவர் போய் நிற்பது ஒசைரிஸின் முன்னால். அரியணையில் அமர்ந்திருப்பவன் அவன். தரையில் முழங்காலிட்டு வேலை பார்ப்பவன் அனுபிஸ்.

இந்த வேலைக்காரத் தெய்வத்தை மக்கள் விடவே இல்லை. சக்காராவில் அனுபிஸுக்கான நிலத்தடிச் சுரங்கங்களை ஆராய்ந்த கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு, அங்கே சுமார் 80 லட்சம் விலங்குகளின் மம்மிகள் இருந்திருக்கலாம் என்று 2015-இல் கணக்கிட்டது. பெரும்பாலானவை நாய்கள், பிறந்து சில மணி நேரமோ சில நாளோ ஆன குட்டிகள் ஏராளம். பக்தர்களின் காணிக்கைக்காகவே அவற்றை வளர்த்தார்கள். பிணம் கெடாமல் காத்த தெய்வத்தின் பெயரால் இத்தனை உயிர்கள் போயிருக்கின்றன.

ஹாலிவுட் படங்கள் அனுபிஸைப் படை திரட்டும் அரக்கனாகக் காட்டிப் பழக்கிவிட்டன. எகிப்தியரின் அனுபிஸ் உயிரைப் பறிக்க வந்ததில்லை, தண்டனை விதித்ததுமில்லை. இறந்தவரின் உடலைப் பேணினான், கைபிடித்து வழிகாட்டினான், எடை தவறாமல் பார்த்துக்கொண்டான். செத்த பிறகு துணைக்கு ஆள் வேண்டும் என்று நினைத்த ஒரு சமூகம், மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அவனை நம்பியதில் வியப்பில்லை.

அடுத்த வாரம், அந்தத் தராசுக்குப் பக்கத்தில் எழுதுகோலோடு நின்ற தோத்.