கடமைக்கு ஒரு பிரிவு, அதிகாரத்திற்கு ஒரு பிரிவு

அரசியல் சாசனத்தின் 356ஆம் பிரிவு என்றதும் "ஆட்சிக் கலைப்பு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அதற்கு முந்திய 355ஆம் பிரிவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அறிந்தவர் மிகச் சிலரே. வெளிப் படையெடுப்பிலிருந்தும் உள்நாட்டுக் குழப்பத்திலிருந்தும் ஒவ்வொரு மாநிலத்தையும் காப்பதும், அங்கே ஆட்சி சாசனப்படி நடைபெறச் செய்வதும் மத்திய அரசின் கடமை என்கிறது அது. முன்னது கடமை, பின்னது அக்கடமையின் பொருட்டு ஒப்படைக்கப்பட்ட அதிகாரம். நம் வழக்கில் சொல்வதாயின், ஓர் அமானிதம்.

அந்த அமானிதம் எவ்வாறு பேணப்பட்டது? 356ஆம் பிரிவு பயன்படுத்தப்படாமல் ஏட்டளவிலேயே நின்றுவிடும் என்று 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் நம்பிக்கை தெரிவித்தார். 1959 ஜூலையில் கேரளத்தின் நம்பூதிரிபாட் அமைச்சரவை, பெரும்பான்மை இருந்தும் கலைக்கப்பட்டது. தமிழகமும் 1976, 1980, 1991 ஆகிய ஆண்டுகளில் இதனைக் கண்டது.

1991 ஜனவரி 30ஆம் நாள் நிகழ்ந்தது தனித்துக் குறிப்பிடத்தக்கது. கலைஞர் அரசுக்கு எதிராக அறிக்கை தர ஆளுநர் பர்னாலா இணங்கவில்லை. எனினும் ஆட்சி கலைந்தது. ஆளுநரின் அறிக்கையின் பேரிலோ "வேறு வகையிலோ" என்று சாசனத்தில் காணப்படும் சொற்களே சந்திரசேகர் அரசுக்குப் போதுமானவையாக இருந்தன!

இரண்டாண்டு நிறைவதற்குள் அயோத்தி வந்தது. பாபரி பள்ளிவாசலுக்குத் தீங்கு நேராது என்று கல்யாண் சிங்கின் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் உறுதி அளித்திருந்தது. மத்தியப் படைகளும் தொலைவில் இல்லை. 1992 டிசம்பர் 6, ஞாயிறு பகலில், ஒன்றன்பின் ஒன்றாகக் கும்மட்டங்கள் வீழ்ந்தன. எல்லாம் முடிந்த பின்னரே குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. நீதிமன்றத்தில் உறுதி தந்த ஓர் அரசை முன்கூட்டியே கலைக்கச் சாசனம் இடந்தரவில்லை என்பது பிரதமர் நரசிம்ம ராவ் தரப்பின் வாதம். அது வெற்று வாதம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். ஆயினும், ஆளுநர் அறிக்கையே இன்றிச் சென்னையில் செயல்பட முடிந்த டில்லிக்கு, அயோத்தியில் மட்டும் எல்லை நினைவுக்கு வந்ததேன்? பிரதமர் மாறியிருந்தார் என்பது மெய், சாசனம் மாறவில்லை. வாக்குறுதியை மீறிய கல்யாண் சிங்குக்கு 1994 அக்டோபரில் கிடைத்த தண்டனை ஒரு நாள் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும்.

மத்திய அரசுக்கு இன்னும் மிகுந்த அதிகாரம் வேண்டும் என்று அக்காலத்தில் நம்மவர் சிலர் பேசினர். அந்த வேதனை புரிகிறது. ஆனால் அன்று குறைந்திருந்தது அதிகாரமா? வரம்பற்ற அதிகாரம் நாளை எவர் கையில் இருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

1994 மார்ச் 11இல் பொம்மை வழக்கில் 9 நீதிபதிகள் அளித்த தீர்ப்பு இவ்விரண்டையும் கருதிற்று. பெரும்பான்மை உண்டா என்பதைச் சட்டமன்றத்திலேயே சோதிக்க வேண்டும். கலைப்பு ஆணையை நீதிமன்றம் ஆராயலாம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்குமுன் சட்டமன்றத்தைக் கலைக்கலாகாது. அதே தீர்ப்பு, மதச்சார்பின்மை சாசனத்தின் அடிப்படைக் கூறு என்று கூறி, டிசம்பர் 6க்குப் பின் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாசலப் பிரதேசம் ஆகியவற்றில் நடந்த கலைப்புகளைச் செல்லும் என்றது. 2016இல் உத்தரகண்டிலும் அருணாசலப் பிரதேசத்திலும் கலைக்கப்பட்ட அரசுகள் நீதிமன்றத்தின் வழியே மீண்டன.

கலைப்பதற்குக் கடிவாளம் கிடைத்துவிட்டது. காக்கத் தவறுவதற்கு? மணிப்பூரில் 2023 மே 3இல் கலவரம் மூண்டது. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல்லாயிரவர் முகாம்களில் ஒதுங்கினர். முதலமைச்சர் பதவி விலகியபின், 2025 பிப்ரவரி 13இல்தான் 356ஆம் பிரிவு அங்கே கையாளப்பட்டது. இடையில் கழிந்தவை 21 மாதங்கள். அக்காலம் முழுதும் டில்லியிலும் இம்பாலிலும் ஆண்டது ஒரே கட்சி.