ஓரிரு இடங்களில் இடியுடன்...
(வானம் பார்த்த தொழில் – 9)

பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம் முடிந்ததும் பெருமாநல்லூரில் அடுத்த பேச்சு மழைதான். தோட்டத்துக்கு மழை வேண்டும், கம்பெனிக்கு வேண்டாம். அப்பா தோட்டமும் மகன் நிட்டிங் யூனிட்டும் வைத்திருக்கும் வீட்டில் இரண்டு வேண்டுதலும் ஒரே சாமிக்குப் போகும். கோடை மழை பெய்தால் சோளம் விதைக்கலாம், மாட்டுக்குத் தட்டு ஆகும். ஆனால் கூடவே வரும் காற்று ஷெட்டின் கூரையைப் பெயர்த்துவிடும். கரண்ட் போனால் நிட்டிங் மெஷின் நின்ற இடத்தில் துணியில் கோடு விழும். சாய ஆலையில் பாதி ஏறிய துணிக்கு ஷேடு மாறும். ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். அது பிடிப்பதற்குள் நின்றது நின்றதுதான்.

வங்கக் கடலில் புயல் உருவானால் எங்கே, எப்போது கரையைக் கடக்கும் என்று சில நாள் முன்பே சொல்லிவிடுகிறார்கள். மாலை 4 மணிக்கு அடிக்கப்போகும் இடிமழையைக் காலையில் ஊர் பேர் போட்டுச் சொல்ல முடிவதில்லை. வானிலை மையத்தைக் கிண்டல் செய்ய நமக்கு இது ஒன்று போதும். அளவைப் பார்த்தால் கிண்டல் குறையும். புயல் பல நூறு கிலோமீட்டர் அகலம், பல நாள் ஆயுள். இடிமேகம் ஐந்து, பத்து கிலோமீட்டர்; பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் பிறந்து, கொட்டி, கலைந்துவிடும். 2025 மே மாதம் இந்தியா நடைமுறைக்குக் கொண்டுவந்த பாரத் முன்கணிப்பு முறை 6 கிலோமீட்டர் கட்டங்களாக நாட்டைப் பிரித்துக் கணக்கிடுகிறது. அதற்குமுன் கட்டம் 12 கிலோமீட்டர். இன்றைக்கும் ஓர் இடிமேகம் அதன் ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

வெயில் கொளுத்தினால் மழை வரும் என்ற நம்பிக்கை நம் பக்கம் பலமாக உண்டு. 2024 ஏப்ரல் அதைப் பொய்யாக்கியது. ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியும் மழை இல்லை. மே மாதத்தில்தான் வந்தது. சூடு மட்டும் போதாது. தரையோரக் காற்றில் ஈரம் வேண்டும். நமக்கு அது மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக அரபிக் கடலிலிருந்தும், கிழக்கே வங்கக் கடலிலிருந்தும் வர வேண்டும். மேலே காற்று குளிர்ந்திருக்க வேண்டும். மேலடுக்கில் சூடான வறண்ட காற்று அமர்ந்திருந்தால், கீழே எவ்வளவு புழுங்கினாலும் மேகம் எழும்பாது. கடைசியாக, ஈரக் காற்றை மேலே தள்ளிவிட ஏதாவது ஒன்று தேவை: மலைச் சரிவு, இரண்டு திசைக் காற்று மோதும் கோடு, அல்லது செய்தியில் அடிக்கடி வரும் ‘வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி’.

இவையெல்லாம் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கத்தான் சென்னை, காரைக்கால், கொச்சி, திருவனந்தபுரத்தில் கருவி கட்டிய பலூன்களை விடுகிறார்கள். காலை 5.30 மணி பலூனை வைத்துக் கொங்கு மாவட்டங்களில் இன்று இடிமழைக்கு வாய்ப்பு என்று சொல்லிவிடலாம். பெருமாநல்லூரிலா, குன்னத்தூரிலா என்று சொல்ல முடியாது. முதல் மேகம் கொட்டும்போது அதன் அடியிலிருந்து குளிர்காற்று நாலாபுறமும் பாய்கிறது. கூரையைப் பெயர்ப்பது இந்தக் காற்றுதான். அதுவே வழியிலுள்ள ஈரக் காற்றை நெம்பிப் பக்கத்து ஊரில் அடுத்த மேகத்தைக் கிளப்பிவிடும். முதல் மேகம் வரும்வரை இரண்டாவது எங்கே வரும் என்பது யாருக்கும் தெரியாது.

இடிமழைக் கணிப்பு பிறந்த கதையே இதைத்தான் சொல்கிறது. 1948 மார்ச் 20 இரவு, அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டிங்கர் விமானப்படைத் தளத்தை இடிமேகத்திலிருந்து இறங்கிய சுழல்காற்று நொறுக்கியது. பணியிலிருந்த வானிலைக் கணிப்பாளர் கேப்டன் ராபர்ட் மில்லர் அதை எதிர்பார்க்கவில்லை. மறுநாளே விசாரணை. அவரும் மேஜர் எர்னஸ்ட் ஃபாபுஷும் பழைய வரைபடங்களைப் புரட்டி, என்னென்ன சேர்ந்தால் சுழல்காற்று வருகிறது என்று தேடினார்கள். மார்ச் 25 அன்று அதே நிலைமை திரும்பியது. பிற்பகலில் எச்சரிக்கை கொடுத்தார்கள். முடிந்தவரை விமானங்களைப் பத்திரப்படுத்தினார்கள். மாலையில் அதே தளத்தில் இரண்டாவது சுழல்காற்று இறங்கியது. அதே இடத்தில் இறங்கியது குருட்டு அதிர்ஷ்டம். அந்த வட்டாரத்துக்கு அன்று ஆபத்து என்று கணித்தது அறிவு. இன்றுவரை கணிப்பு இந்த இரண்டு படியாகவே இருக்கிறது: காலையில் வட்டாரம், பிறகு மேகத்தைக் கண்ணால் பார்த்து ஊர்.

இரண்டாவது படிக்கு நம் வானிலைத் துறை 3 மணி நேர எச்சரிக்கை கொடுக்கிறது. அதில் ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அப்பகுதி மழைமானி நிலையங்களில் கால்வாசி வரை என்று கணக்கு. திருப்பூர் மாவட்டமோ அவிநாசியிலிருந்து உடுமலை வரை 5,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். உடுமலையில் கொட்டினாலும் எச்சரிக்கை பலித்ததுதான், பெருமாநல்லூர் காய்ந்து கிடந்தாலும்.

இந்த எச்சரிக்கையை ஊர் அளவுக்குச் சுருக்க ரேடார் வேண்டும். சென்னை, காரைக்கால், கொச்சி, திருவனந்தபுரம் ரேடார்கள் எல்லாமே கடலோரத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு முதல் கவலை புயல். பெருமாநல்லூரிலிருந்து வான்வழியே கொச்சி சுமார் 180 கிலோமீட்டர், நடுவே மலை. காரைக்கால் 270. பூமி வளைந்திருப்பதால் காரைக்கால் ரேடாரின் கதிர் நம் தலைக்கு மேல் 6 கிலோமீட்டருக்கும் உயரே போய்விடுகிறது. மேகத்தின் உச்சி தெரியும். அடியில் பாயும் காற்று தெரியாது. செயற்கைக்கோளும் மேலிருந்துதான் பார்க்கிறது.

2018 மே தொடக்கத்தில் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் புழுதிப் புயலும் இடிமழையும் 100 பேருக்கு மேல் பலிகொண்ட பிறகுதான் இடிமழைக் கணிப்பு டெல்லியில் பெரிய பேச்சானது. இங்கே அப்படியொரு நாள் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. சாலை, ரயில், விமானம் என்று டெல்லிக்கு மனுக் கொடுக்கும் நம் ஏற்றுமதியாளர்கள், கொங்கு நாட்டின் நடுவே ஒரு ரேடார் வேண்டும் என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்கட்டும்.

அதுவரை கையில் இருப்பது செல்போன். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதைக் காட்டும். ஷிப்ட் சூப்பர்வைசர் ஒருவர் போனிலாவது அது இருக்கட்டும். இந்தியாவில் மின்னல் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொல்கிறது. இடிச் சத்தம் கேட்டால் லோடு ஏற்றுவதை நிறுத்தி ஆட்களைக் கட்டடத்துக்குள் கூப்பிடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே அனுப்பாதீர்கள்.

(தொடரும்)