உங்கள் நகரின் பார்க் எங்கே?

மனை வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: சதுர அடி என்ன விலை, எத்தனை அடியில் தண்ணீர், பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம். பார்க் எங்கே என்று கேட்பவர் குறைவு. கேட்டாலும், "அதோ அந்த மூலையில வரும் சார்" என்று புரமோட்டரின் ஆள் கையைக் காட்டிவிடுவார். வருடங்கள் கழித்துப் பார்த்தால் அந்த மூலையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். இல்லாவிட்டால் யாரோ வீடு கட்டிக் குடியிருப்பார்கள்.

தாம்பரம், ஆவடி போன்ற சென்னையின் புறநகர்களிலும், மற்ற ஊர்களின் விளிம்புகளிலும் பல பார்க்குகளின் கதை இதுதான். ஆனால் அந்த இடத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று. பார்க்குக்கு விட்ட நிலத்தின் விலையையும் மற்ற மனைகளின் மேல் ஏற்றித்தான் புரமோட்டர் விற்கிறார்.

பத்து சதவீதக் கணக்கு

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, சொல்வது இது. மனைப்பிரிவின் பரப்பு 3,000 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 74 சென்ட்டுக்குள் இருந்தால், பார்க்குக்கு இடம் விட வேண்டியதில்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை, சாலை போக மீதியில் 10 சதவீதத்தை விட வேண்டும். அல்லது ஈடாக வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்டலாம். 10,000 சதுர மீட்டரை (ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்) தாண்டினால் பணம் கட்டித் தப்ப வழியில்லை. நிலத்தையே விட்டு, தானப் பத்திரம் பதிவு செய்து, இலவசமாக ஒப்படைத்தாக வேண்டும். அலுவலகங்களில் இதற்கு 'ஓ.எஸ்.ஆர். இடம்' என்று பெயர்.

ஐந்து ஏக்கர் மனைப்பிரிவு ஒன்றில் சாலைகளுக்கு ஒன்றரை ஏக்கர் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி மூன்றரை ஏக்கரில் பத்து சதவீதம் 35 சென்ட். அதாவது 15,000 சதுர அடிக்குச் சற்று அதிகம், ஆறு கிரவுண்டுக்கு மேல். ஊஞ்சல், சறுக்குமரம், நடைபாதை, பிள்ளைகள் பந்து விளையாடக் கொஞ்சம் வெற்றிடம் எல்லாம் இதற்குள் அடங்கும்.

சென்னைப் பெருநகரில் இதே போல் இருந்த முந்தைய விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. நிலத்தை இலவசமாக ஒப்படைக்கச் சொல்லும் விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

எப்படிக் காணாமல் போகிறது?

முதல் சேதம் வரைபடத்திலேயே நடக்கும். விற்க முடியாத துண்டைப் பார்க்குக்குத் தள்ளிவிடுவார்கள்: உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே, ஓடையை ஒட்டி, வால் போல நீண்ட ஒரு கீற்று. ஒதுக்கும் இடம் 10 மீட்டருக்குக் குறையாத அகலம் கொண்டிருக்க வேண்டும் என்று விதி வைத்ததே இதைத் தடுக்கத்தான்.

இரண்டாவது, பத்திரம் பதிவாகியிருக்கும், பட்டா மாறியிருக்காது. வருவாய்த்துறைக் கணக்கில் பழைய பெயரே நிற்கும். பிறகு வாரிசு ஒருவர் அதை மனையாக்கி விற்க வருவார்.

மூன்றாவது, சிறுகச் சிறுக நடப்பது. பக்கத்து வீட்டுக்காரர் வீடு கட்டும்போது ஜல்லியும் மணலும் கொட்டுவார். வேலை முடிந்ததும் அங்கே கார் நிற்கும். காருக்கு ஒரு தகரக் கூரை வரும். கூரைக்கு ஒரு சுவர் வரும்.

நான்காவதுதான் சிக்கலானது: உள்ளாட்சியே அந்த இடத்தில் மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, அங்கன்வாடி என்று கட்டத் தொடங்கும். எல்லாமே ஊருக்குத் தேவை என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மருத்துவமனை நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

என்னென்ன காகிதம் பார்க்க வேண்டும்?

உங்கள் கிரயப் பத்திரத்தில் மனைப்பிரிவின் ஒப்புதல் எண் இருக்கும். அதைக் கொண்டு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திலோ (சி.எம்.டி.ஏ.), அதன் எல்லைக்கு வெளியே என்றால் நகர் ஊரமைப்புத் துறை அலுவலகத்திலோ, ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கேளுங்கள். பார்க் எங்கே, எவ்வளவு என்பது அதில் குறித்திருக்கும்.

அடுத்து, அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பிறகு பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கேட்டும் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

ஒப்புதல் பெறாத மனைப்பிரிவு என்றால், பெரும்பாலும் தேடுவதற்குப் பார்க்கே இருக்காது. வாங்கும் முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது.

இடம் கிடைத்த பிறகு

முதல் செலவு வேலிக்கும் மரத்துக்கும். நம் வெயிலில் நிழல் இல்லாத விளையாட்டுத் திடல் மாலை ஐந்து மணிவரை யாருக்கும் பயன்படாது. மேற்கு பார்த்து வைத்த இரும்புச் சறுக்கில் பிள்ளைகள் உட்காரவே முடியாது. வேம்பும் புங்கனும் சில வருடங்களில் குடை பிடித்துவிடும். ஊஞ்சலுக்குக் கீழே சிமென்ட் வேண்டாம், ஆழமாக மணல் போதும். தரை முழுக்கப் பேவர் பிளாக் பதித்தால் மழைநீர் மண்ணில் இறங்காமல் தெருவுக்குத்தான் ஓடும்.

நடக்க வருபவர்களுக்காக எட்டு வடிவப் பாதை போட்டுவிட்டு, 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை மாட்டும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பத்து வயதுப் பையன் மட்டையைத் தூக்கிக்கொண்டு போக்குவரத்து உள்ள தெருவுக்குப் போகிறான். வலை அடித்து ஒரு மூலையை அவனுக்கு ஒதுக்கினால் இரு தரப்புக்கும் தொல்லை இல்லை.

பணத்துக்கு உள்ளாட்சியைத்தான் நாட வேண்டும். மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைத் தரும் 'நமக்கு நாமே' திட்டமும் உண்டு. உங்கள் பகுதி ஊராட்சியில் இருந்தால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உட்பட ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். போகும்போது வரைபட நகலும் தானப் பத்திர எண்ணும் கையில் இருக்கட்டும். "எங்களுக்குப் பார்க் வேண்டும்" என்று மனு கொடுத்தால் கோப்போடு கோப்பாகக் கிடக்கும். "இந்த சர்வே எண்ணில் உள்ள எங்கள் பார்க்குக்கு வேலி போடுங்கள்" என்றால் பதில் சொல்லியாக வேண்டும்.